பெருச்சாளி எத்தனை ராத்தல்?

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எங்கள் வீட்டுக் கூண்டில் ஒரு பெருச்சாளி விழுந்தது. மூன்று வாரமாக எங்களை ஆட்டி வைத்த ஆள் அது. பின்பக்கம் நட்டிருந்த மரச்சீனி மூட்டையெல்லாம் தோண்டி, கழுவத்தொட்டிக்கு அடியில் மண்ணை வாரி வெளியே தள்ளி, கடைசியில் அடுக்களைத் தரையே ஒரு பக்கம் இறங்கிவிட்டது. சுட்ட தேங்காய்த் துண்டு வைத்ததில் மாட்டியது.

கூண்டைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த உடனே, "ரெண்டரை கிலோ காணும்" என்றார். பால் கொண்டுவருகிறவர் மூன்று கிலோவுக்குக் குறையாது என்றார். கூண்டுக்குள்ளிருந்து அது முடியைச் சிலிர்த்துக்கொண்டு பன்றிக்குட்டி மாதிரி உறுமியதும், அவரே மூன்றரை ஆக்கிவிட்டார். விடுமுறைக்கு வந்திருந்த பேரன், "எடை போட்டுப் பாத்துடலாமே பாட்டா" என்றான்.

பழைய இரும்பு எடுக்க வரும் தம்பியிடம் தூக்குத் தராசு இருந்தது. கூண்டோடு சேர்த்து 2 கிலோ 180 கிராம். வெறுங்கூண்டு 1 கிலோ 320. கழித்தால் 860 கிராம். கூண்டுக்கு வெளியிலிருந்தே ஸ்கேலை வைத்துப் பார்த்ததில் மூக்கு நுனியிலிருந்து வால் மூடு வரை ஏறக்குறைய 26 சென்டிமீட்டர். வாலும் கிட்டத்தட்ட அதே நீளம்.

கூடியிருந்தவர்களுக்கு ஏமாற்றம். தராசு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள். எனக்கு மட்டும் அன்று முழுக்க அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஏனென்றால் இந்தப் பிராணியின் எடையைக் கூட்டிச் சொல்வது நம் தெருவில் தொடங்கிய வழக்கம் இல்லை. ஏறக்குறைய எழுநூறு வருடமாக எழுத்தில் இருக்கிறது. அதில் முதல் ஆள் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம்.

அதற்கு முன்னால் ஆளைச் சரியாக அடையாளம் கண்டுகொள்வோம். நாம் பொதுவாக 'எலி' என்று சொல்வதில் பலதும் அடங்கும். வீட்டுக்குள் கீச்சுக் கீச்சென்று சுவரோரமாக ஓடுவது மூஞ்சூறு. அது உண்மையில் எலி இனமே கிடையாது. கொறிக்கும் பல் அதற்கு இல்லை. கரப்பானும் புழுவும் தின்கிற தனி வகை. எடை 50 முதல் 100 கிராம் வரை. அதே குடும்பத்தில் 2 கிராம் மட்டுமே இருக்கிற குட்டி மூஞ்சூறும் உண்டு. பாலூட்டிகளிலேயே எடை குறைந்தது அதுதான், இந்தியாவிலும் இருக்கிறது. அடுத்தது வயல் எலி. வரப்பில் வளை போடுவது. 200 முதல் 400 கிராம் வரை வரும். மூன்றாவது நம் கூண்டில் விழுந்த பெருச்சாளி. அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை சாதாரணம். நன்றாகத் தின்று கொழுத்தது அதையும் தாண்டும். வயல் எலியும் பெருச்சாளியும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டும் ஒரே பேரினம். மூஞ்சூறுக்கும் இவைகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிள்ளையார் எதில் ஏறி வருகிறார் என்பதில் நம் ஆட்களுக்கே ஒருமித்த கருத்து கிடையாது. மூஞ்சூறு வாகனம் என்றும் சொல்லுவோம், பெருச்சாளி வாகனம் என்றும் சொல்லுவோம். 60 கிராமுக்கும் ஒரு கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்தி கணக்கில் எடுப்பதில்லை.

சரி, அந்தப் பக்கத்து ஊர்க்காரரைப் பார்ப்போம். ஜோர்தானுஸ் என்று ஒரு டொமினிக்கன் துறவி. பிரான்சின் தெற்கே செவெராக் என்ற ஊர்க்காரர். இந்தியாவுக்கு வந்து ஊழியம் செய்தவரை 1329-ல் போப் 22-ம் யோவான் கொல்லத்துக்கு ஆயராக நியமித்தார். நாகர்கோவிலிலிருந்து கொல்லம் 130 கிலோமீட்டர் சொச்சம். அந்தக் காலத்தில் கொல்லம் வேணாட்டு அரசர்களின் ஊர். நாஞ்சில் நாட்டுக்கும் வேணாட்டுக்கும் உள்ள தொடர்பு உங்களுக்குத் தெரியும். இந்த ஜோர்தானுஸ் தான் பார்த்த, கேட்ட அதிசயங்களை லத்தீனில் ஒரு சிறு நூலாக எழுதி வைத்தார். யானை, பலாப்பழம், தென்னை எல்லாம் அதில் வரும். கூடவே, இந்த நாட்டில் நரி அளவுக்கு எலிகள் உண்டு, அவை கடும் விஷமுள்ளவை என்ற பொருளில் ஒரு வரியும் வருகிறது.

நம் நாட்டுக் குள்ளநரியை விட்டுவிடுங்கள். சமவெளியில் திரிகிற சின்ன நரியே இரண்டு கிலோவுக்கு மேல், நான்கு கிலோ வரை இருக்கும். ஆயர் குறைந்தபட்சம் இரண்டு மடங்கு கூட்டியிருக்கிறார். பால்காரருக்கும் ஆயருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் அந்த 'விஷம்' எங்கிருந்து வந்தது? பெருச்சாளிக்கு விஷம் கிடையாது. அது கடித்தால் புண் பழுக்கும், காய்ச்சல் வரும், அது வேறு. எனக்கு ஒரு ஊகம் உண்டு. மலையாளத்தில் மூஞ்சூறுக்கு 'நச்செலி' என்று பெயர். நச்சு எலி. அது கடித்தால் விஷம் ஏறும் என்ற நம்பிக்கையில் விழுந்த பெயர். அஷ்டாங்க ஹிருதயத்தில் எலிக்கடிக்கும் வெறிநாய்க்கடிக்கும் சேர்த்து ஒரு அத்தியாயமே இருக்கிறது என்றால், எலி விஷத்தை நம் வைத்தியர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். கொல்லத்தில் உட்கார்ந்திருந்த துறவியிடம் ஒருவர் பெருச்சாளியின் உருவத்தையும், இன்னொருவர் நச்செலியின் விஷத்தையும் சொல்லியிருப்பார்கள். அவர் இரண்டையும் ஒரே பிராணியின் தலையில் ஏற்றிவிட்டார். இது என் ஊகம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தியவர்களுக்குத் தெரியும், இரண்டு பாடத்தைக் கலந்து ஒரே விடையாக எழுதுவது எவ்வளவு இயல்பு என்று!

அடுத்த சாட்சி இபன் பதூதா. மொராக்கோக்காரர். முகம்மது பின் துக்ளக்கிடம் வேலை பார்த்தவர். அவர் தௌலதாபாத் கோட்டைச் சிறையில் பூனையை விடப் பெரிய எலிகளைக் கண்ணால் பார்த்ததாகவும், பூனைகள் அவற்றைக் கண்டு ஓடுவதாகவும் எழுதுகிறார். இங்கே பூனை என்பது அவ்வளவு தப்பில்லை. எங்கள் தெருப் பூனைகளும் பெருச்சாளியைக் கண்டால் வேறு வேலை இருப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் சொல்லும் கதை பயங்கரமானது. கத்தாப் என்ற ஆப்கானியத் தலைவனை அந்தக் கோட்டையில் எலிக்குழி என்று பெயர்பெற்ற பள்ளத்தில் அடைத்து வைத்தார்களாம். இரவானால் எலிகள் திரண்டு வரும். விடியும் வரை அவன் போராடுவான். பக்கத்துக் குழியில் கிடந்த இன்னொரு கைதி நோயாளி. அவனுடைய விரல்களையும் கண்களையும் எலிகள் தின்று அவன் செத்துப்போனான். அது சுல்தானின் காதுக்குப் போன பிறகே கத்தாப்பை வெளியே விட்டார்கள். இதை அந்தக் கத்தாப்பே இபன் பதூதாவிடம் சொன்னானாம். அப்படி ஒரு குழியில் ராத்திரி முழுக்க நின்றவனிடம் போய் அதன் எடையைக் கேட்டால் என்ன சொல்லுவான்?

மூன்றாவது, கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியர் ஜான் ஃபிரையர். 1670-களில் இங்கே சுற்றியவர். அவருடைய புத்தகம் 1698-ல் வந்தது. வீடுகளுக்கு அடியில் வளை தோண்டி, கோழியையும் பிடிக்கத் துணிகிற பெரிய எலியைச் சின்னப் பன்றிக்கு ஒப்பிடுகிறார். நரி, பூனை, பன்றி. ஆளுக்கொரு அளவுகோல். தராசில் வைத்தவர் ஒருவரும் இல்லை.

பன்றி ஒப்பீட்டுக்கு மட்டும் நியாயம் உண்டு. முதுகில் நீளமான முரட்டு முடி. கோபம் வந்தால் நட்டமாக எழும்பும். உடம்பு ஒன்றரை மடங்காகத் தெரியும். போதாததற்கு உறுமல். தெலுங்கர்கள் இதற்கு 'பந்திகொக்கு' என்று பெயர் வைத்தார்கள். பந்தி என்றால் பன்றி, கொக்கு என்றால் எலி. வெள்ளைக்காரர் வாயில் அது 'பாண்டிகூட்' ஆகி ஆங்கில அகராதிக்குள் ஏறியது. 1800-ல் பெக்ஸ்டைன் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கு முறையான லத்தீன் பெயர் வைத்தார். அதற்கு ஆதாரமான இடம் நம் பாண்டிச்சேரி. 1873-ல் ஜான் எட்வர்ட் கிரே பேரினத்துக்கே 'பாண்டிகோட்டா' என்று பெயரிட்டார். இன்றைக்கு உலகத்தில் எந்த நாட்டு விஞ்ஞானி இதைக் குறிப்பிட்டாலும் வாயில் தெலுங்கு வந்தே தீரும். தமிழில் வைத்திருந்தால் 'பெருச்சாளியா இண்டிகா' ஆகியிருக்கும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மலையாளத்தில் பெருச்சாழி.

இதே பெயரை ஆஸ்திரேலியாவுக்குப் போன வெள்ளைக்காரர்கள் அங்கே மண் தோண்டிய ஒரு பிராணிக்கும் ஒட்டிவிட்டார்கள். அது கங்காரு மாதிரி வயிற்றில் பை உள்ள இனம். எலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என் பேரன் விளையாடுகிற 'க்ராஷ் பாண்டிகூட்' கணினி விளையாட்டு அந்த ஆஸ்திரேலியப் பிராணியைப் பற்றியது. அதற்கு மூலம் ஒரு தெலுங்கு எலி என்று சொன்னதும் அவன் என்னை நம்பவில்லை. தாத்தாக்கள் எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் கொண்டுவந்து முடிப்பார்கள் என்று அவனுக்கு ஒரு எண்ணம். தெலுங்கு என்றுதானே சொன்னேன்!

இப்போது, எண் போட்டு எடை சொன்ன ஒருவருக்கு வருவோம். இந்த விஷயத்தில் நான் படித்ததிலேயே என்னை அதிகம் தொந்தரவு செய்தது அந்தப் பக்கம்தான்.

எமர்சன் டென்னன்ட் என்பவர் இலங்கையில் ஆங்கில அரசின் காலனிச் செயலாளராக இருந்தவர். இலங்கையைப் பற்றி 1859-ல் ஒரு பெரிய நூலும், அதன் விலங்குகளைப் பற்றி 1861-ல் தனியாக ஒரு நூலும் எழுதினார். மலைநாட்டில் பெருச்சாளி இரண்டு மூன்று பவுண்டு எடை வரும், வாலோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டடி நீளம் இருக்கும் என்று அதில் குறிக்கிறார். பவுண்டு என்றால் நம் பழைய ராத்தல். எங்கள் சிறு வயதில் கருப்பட்டியும் சீனியும் ராத்தல் கணக்கில்தான். 1958-க்குப் பிறகு கிலோ வந்தும் ஆத்தாமார் வாயிலிருந்து ராத்தல் போக இருபது வருடம் ஆனது. ஒரு ராத்தல் 453 கிராம் சொச்சம். ஆக, டென்னன்ட் சொல்வது 900 கிராமிலிருந்து 1 கிலோ 360 வரை. நம் கூண்டுக்காரரின் 860-ஐயும் சேர்த்துப் பார்த்தால் நம்பத்தக்க கணக்கு. நரி, பூனை, பன்றி எல்லாம் போய் ஒரு நிதானமான எண்.

அந்த எண் எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் விஷயம். தோட்டக் கூலிகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது வருகிறது. காப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் கூலிகள் பெருச்சாளியை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். தானியமும் கிழங்கும் தின்று வளர்வதால் அதன் கறி இளம் பன்றிக்கறி போல இருக்குமாம். காப்பிச் செடியைக் கடித்துப் போடுகிற வேறொரு சின்ன எலியைப் பற்றிச் சொல்லும்போது, அந்த எலி அதிகம் வருகிற தோட்டங்களையே கூலிகள் விரும்பித் தேர்ந்தெடுப்பதாகவும், எண்ணெயில் பொரித்தோ கறி வைத்தோ தின்பதாகவும் எழுதுகிறார்.

அவர் கேலி செய்யவில்லை. பார்த்ததைத்தான் எழுதினார். ஆனாலும் 'விரும்பி' என்ற சொல்லில் எனக்குச் சம்மதம் இல்லை. அந்தக் கூலிகள் யார்? மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கடற்கரைக்கு நடந்து, மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியாகக் கண்டிக்கு நடந்து போனவர்கள். தெற்குத் திருவிதாங்கூரிலிருந்தும் ஆட்கள் போனார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் பலர். தோட்டத்தில் அரிசியைக் கொடுத்து அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். நாள் முழுக்க மலைச்சரிவில் நின்றவனுக்குக் கையில் பிடிபடுகிற ஒரு ராத்தல் கறி, எவன் கணக்கிலும் பிடித்தம் ஆகாத கறி. அவன் எலி அதிகமுள்ள தோட்டத்தைத் தேடிப் போனதற்கு நாக்கு மட்டும் காரணமாக இருக்க முடியாது. டென்னன்ட் எடையையும் நீளத்தையும் எழுதினார், ருசியையும் எழுதினார். கூலிப் பிடித்தத்தை அந்தப் பக்கத்தில் எழுதவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் வரப்புகள்தான் ஞாபகம் வந்தன.

நாஞ்சில் நாட்டில் வயல் என்றால் இரண்டு பூ. கன்னிப்பூ, கும்பப்பூ. கொல்லம் ஆண்டுக் கணக்கில் கன்னி மாதம் என்பது புரட்டாசி, கும்ப மாதம் மாசி. அறுப்பு நடக்கிற மாதத்தால் விழுந்த பெயர்கள். 1906-ல் பேச்சிப்பாறை அணை முடிந்த பிறகு இந்த இரண்டு பூவும் நிலைத்தது. எலிக்கும் அது நல்ல செய்திதான். வருடத்தில் இரண்டு அறுவடை அதற்கும்.

இங்கே நான் சொல்வது பெருச்சாளியை இல்லை, அதன் தம்பியான வயல் எலியை. உருவத்தில் மூன்றில் ஒரு பங்கு. வேலையில் மூன்று மடங்கு. எலி ஒரு நாளைக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு தின்னும் என்பது பொதுக்கணக்கு. 250 கிராம் எலிக்கு 25 கிராம். நூறு நாள் பயிரில் இரண்டரை கிலோ. ஒரு ஏக்கரில் இருபது எலி என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ. இது தின்பது மட்டும். கதிர் வருவதற்கு முன்பே தண்டைச் சாய்வாகக் கடித்துப் போடுவது தனி. முற்றிய கதிரை நறுக்கி வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பது தனி. இது போதாதென்று குளத்தங்கரையிலும் வளை போடும். நண்டு வளையும் எலி வளையும் சேர்ந்தால் கரையில் ஊற்றுக் கண் திறக்கும். மழைக்காலத்தில் அது உடைப்பில் கொண்டுபோய் விடும். குளங்களை நம்பியே பிழைத்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்தச் சேமிக்கிற குணத்தை நம் முன்னோர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். புறநானூற்றின் 190-வது பாட்டு, சோழன் நல்லுருத்திரன் பாடியது. விளைந்த கதிரைக் கொண்டுபோய் வளைக்குள் நிரப்பி வைக்கிற எலியைப் போன்ற கஞ்சர்களின் நட்பு வேண்டாம், புலி போன்றவர்களின் நட்பு வேண்டும் என்கிறான். அரசன் பார்வைக்கு அது சரி. எலி கஞ்சன், புலி வள்ளல். எனக்கு அந்தப் பாட்டைப் பாடம் நடத்துகிறபோதெல்லாம் ஒரு சந்தேகம் வரும். அந்த எலி வளையைத் தோண்டி வயிறு கழுவியவர்கள் யாராவது பாட்டு எழுதியிருந்தால் எலிக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும்?

ஏனென்றால் தோண்டுகிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை 1855-ல் சட்டப்படி ஒழித்தார்கள். சட்டம் வந்தது, வயல் வந்து சேரவில்லை. கூலி நெல்லாகத்தான் கிடைத்தது, அதுவும் அறுப்புக் காலத்தில். அறுப்பு முடிந்து நிலம் வெறும் தாளாகக் கிடக்கிற மாசி, பங்குனியில் அவர்களுக்கு எலி வளைதான் பத்தாயம்.

நான் கண்ணால் பார்த்தது அறுபதுகளில். தோவாளை தாலுகாவில் எங்கள் ஊர். கும்பப்பூ அறுத்தடிப்பு முடிந்த மறுவாரம் ஒரு கணவனும் மனைவியும் மண்வெட்டி, ஒரு நீளக் கம்பி, அடியில் துளை போட்ட பழைய பானையோடு வருவார்கள். அவர் வரப்பில் குனிந்தபடியே நடப்பார். எல்லா வளையையும் தோண்டமாட்டார். வாய் திறந்து கிடந்தால் எலி இல்லை. புது மண்ணால் உள்ளிருந்து அடைத்திருந்தால் ஆள் வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். மற்ற வாய்களையெல்லாம் மண்ணால் அடைத்துவிட்டு, பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி, பானை வாயை வளையோடு சேர்த்து வைத்து, அடித்துளை வழியாக அந்த அம்மா ஊதுவார். கண்ணெல்லாம் சிவந்துவிடும். பிறகு தோண்டுவார்கள். வளைந்து வளைந்து போகிற பாதையில் ஒரு இடத்தில் அறை வரும். அதற்குள் கதிர்கள். வாரிக் கொட்டியதாக இருக்காது, அடுக்கி வைத்தது போல இருக்கும். சிறுவனாக நான் அதிசயித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்கத் தோண்டி, கதிரைக் கசக்கிப் புடைத்தால் மூன்று மரக்கால் நெல் தேறும்.

அந்த மூன்று மரக்காலில் பாதியை என் பாட்டா அளந்து வாங்குவார்.

"எங்க வயல் நெல்லுதானே" என்பது அவர் வாதம். அவர் கொடுமைக்காரர் இல்லை. கோயில் கொடைக்கு அள்ளிக் கொடுப்பார், ஊரில் பெயர் சொல்லும்படி வாழ்ந்தவர். ஆனால் எலி நெல்லில் பாதி என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு தடவை அந்த அம்மா, புகையில் சிவந்த கண்ணோடு, மரக்காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எலிகிட்ட வாரம் கேட்டியளா?" பாட்டா சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் ஒன்றரை மரக்காலை எடுத்துக்கொண்டார். அந்த நெல் எங்கள் பத்தாயத்தில் போய் விழுந்தது. அந்த வருடம் நான் தின்ற சோற்றில் அதுவும் இருந்திருக்கும்.

(ஊழல் செய்கிறவனைப் பெருச்சாளி என்று மேடைகளில் திட்டும்போது எனக்கு இது ஞாபகத்துக்கு வரும். பெருச்சாளி மரக்கால் வைத்து அளப்பதில்லை.)

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை இதுவரை எழுதியதில்லை.

1984-ம் வருடம். நான் வரலாற்று ஆசிரியர். அன்றைக்கு அறிவியல் ஆசிரியர் விடுப்பு, எட்டாம் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். பாடம் விலங்குகளின் வாழிடம். வளை தோண்டி வாழும் விலங்குகளைச் சொல்லச் சொன்னேன். முயல், நண்டு, எலி என்று வந்தது. ஒருவன் பெருச்சாளி என்றான். சும்மா, நேரம் போக்க, "அது எவ்வளவு எடை இருக்கும், யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். அஞ்சு கிலோ, பத்து கிலோ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் அதுவரை வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து, "பெருசுன்னா ஒண்ணேகால் கிலோ சார். தோலு உரிச்சா முக்கால் கிலோதான் நிக்கும்" என்றான்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "அப்போ நீ திங்கியா?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் எலி மாதிரி கீச்சென்று கத்தினான். நான் அதட்டியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். உரக்க இல்லை, ஆனால் அவன் பார்த்தான்.

மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதன் பிறகு வந்தான். பத்தாம் வகுப்பு வரை படித்தான். அந்த மூன்று வருடத்தில் என் கேள்வி எதற்கும் அவன் தானாக எழுந்து பதில் சொன்னதில்லை. பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் சொல்லுவான். சரியாகவே சொல்லுவான்.

பிற்பாடு டென்னன்ட் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆயர் நரி என்றார், யாத்ரீகர் பூனை என்றார், வைத்தியர் பன்றி என்றார். காலனிச் செயலாளர் ஒருவர் வந்து எண் சொன்னார். அந்தப் பையன் சொன்ன ஒண்ணேகால் கிலோ டென்னன்ட் கணக்குக்குள்ளேயே வருகிறது. ஆனால் தோல் உரித்த பிறகு என்ன நிற்கும் என்பது அந்தப் புத்தகங்கள் எதிலும் நான் பார்க்காத தகவல். பசித்த ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் அது தெரியும். நாற்பது பிள்ளைகளில் சரியான விடை சொன்னது அவன் ஒருவன்தான். வாத்தியார் சிரித்தார்.

இப்போது எங்கள் ஊர் ஏலாக்களில் பெரும்பகுதி தென்னையும் வாழையுமாகிவிட்டது. மீதி மனைக்கட்டு ஆகி, கல் நட்டுச் சாயம் பூசிக் கிடக்கிறது. திருப்பதிசாரம் பண்ணையிலிருந்து வந்த ரகங்களை நட்டு இன்னும் நெல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தென்னை மட்டையை வயலில் ஊன்றி ஆந்தை வந்து உட்கார வழி செய்கிறார்கள், விஷ மருந்தும் வைக்கிறார்கள். ஒரு எலி செத்தால் மற்றது அந்த மருந்தைத் தொடாது என்று புலம்புகிறார்கள். வளை தோண்ட ஆள் வருவதில்லை. நல்லதுதான், வரவேண்டாம். வயல் போன இடத்தில் சாக்கடை வந்தது, சாக்கடையோடு பெருச்சாளி வந்தது. என் அடுக்களைத் தரை இறங்கிய கதை அங்கிருந்து தொடங்குகிறது.

அந்தப் பையன் இப்போது பையன் இல்லை. ஐம்பது வயது தாண்டி, கட்டட வேலையில் மேஸ்திரி. சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுக்கிறார். அடுக்களைத் தரையைத் திருப்பிப் போட யாரை அழைக்கலாம் என்று விசாரித்தபோது அவர் எண் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அழைத்தேன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். தரை விஷயம் பேசினோம். வளையைக் கண்ணாடித் துண்டும் ஜல்லியும் போட்டு அடைத்த பிறகுதான் கான்கிரீட் போட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வரும் என்றார். பிறகு நான், கூண்டில் விழுந்ததை எடை போட்டேன், 860 கிராம் இருந்தது என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

எட்டாம் வகுப்பில் நடந்தது தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"அது முழுசா வளராதது சார். தாய் இன்னும் உள்ளேதான் கெடக்கும். நாளைக்கி காலையில வாறேன்."